உங்கள் பாதுகாப்பைக் கருதி நிறுத்தப்பட்டது

1

இந்தக் கதையை என்னிடம் இரண்டு பேர் கேட்டு வாங்கினார்கள். என் வாழ்க்கையில் இது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. பத்திரிகைக்காரர்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அனுப்பியதைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டதுதான் அவர்கள் எனக்குச் செய்த பெரிய மரியாதை.

முதலில் கேட்டவள் என் தங்கை.

"நீதான் எழுதறவனாச்சே அண்ணா. அன்னிக்கு நடந்ததை அப்படியே எழுது. அவரு படிக்கட்டும். நான் வாயால சொன்னா காதுல ஏற மாட்டேங்குது."

நான்கு நாள் கழித்து அவள் கணவர் வந்தார்.

"மச்சான், அன்னிக்கு நடந்ததை ஒரு கதையா எழுதேன். உன் தங்கச்சி படிக்கட்டும். நான் சொன்னா சண்டைக்கு வர்றேன்னு நினைக்கிறா."

ஆக, இவர் படிக்க வேண்டும் என்று அவளும், அவள் படிக்க வேண்டும் என்று இவரும் கேட்ட கதை. தனக்கென்று கேட்டவர் யாருமில்லை. வாசகரே, நீங்கள் இடையில் வந்து மாட்டிக்கொண்டீர்கள். கதை நீளமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கே தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. கைவிட்ட தொடக்கங்கள் இவை:

"ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நின்றார். உள்ளே இருட்டு. ஒரு காலை எடுத்து" [நிறுத்திவிட்டேன். ஆள் யாரென்றே சொல்லாமல் ஆபத்தில் தள்ளினால் வாசகர் திடுக்கிடுவார், கவலைப்பட மாட்டார்.]

"கைபேசி என்பது நவீன மனிதனின்" [முடிக்கவில்லை. 'நவீன மனிதனின்' வரைக்கும் போன வாக்கியம் எதுவும் உருப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.]

"என் தங்கை ஒரு பொய்யை மிகுந்த அக்கறையோடு பராமரித்து வந்தாள்."

மூன்றாவது தேறும் என்று தோன்றியது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"பொய்னு போடாதே. நான் யார்கிட்டயும் பொய் சொல்லல."

"அப்புறம்?"

"அந்த ஆப்கிட்ட ஒரு விஷயத்தை மறைச்சேன். அவ்வளவுதான்."

மறைப்புக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "கேட்டாச் சொல்றது பொய். கேட்கிற இடத்துலேயே கதவைச் சாத்தறது மறைப்பு" என்றாள். இலக்கணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். தங்கையோடு ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போடுகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வயதிலேயே சர்க்கரை நோய். வயதானபின் வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினைச் செய்வதையே நிறுத்திக்கொண்ட வகை. அன்றிலிருந்து தினம் நான்கு ஊசி. ஊசி கொஞ்சம் கூடினால், அல்லது சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால், இரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். இறங்கினால் முதலில் வேர்க்கும், பிறகு புத்தி தடுமாறும், பிறகு ஆள் விழுந்துவிடுவார். விழும் இடம் வீட்டு நாற்காலியாக இருந்தால் பரவாயில்லை. இவர் வேலை செய்யும் இடத்தில் விழுவதென்றால் ஒன்பது மாடி.

மேல்கையில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருப்பார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கைபேசிக்கு அனுப்பும். கைபேசியில் இருக்கிற செயலி, அளவு இறங்கினால் அலறும். அலற வேண்டும் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. கைபேசி செய்தவர்களுக்கு பேட்டரிமேல் தாயினும் சாலப் பரிவு. கொஞ்ச நேரம் கைபேசியைத் தொடவில்லை என்றால், பின்னால் ஓடுகிற செயலிகளையெல்லாம் அது தூங்க வைத்துவிடும், சர்க்கரைச் செயலியையும் சேர்த்து. தூங்காத நாளில் அலறினாலும், மோட்டார் அறையின் இரைச்சலில் அந்தச் சத்தம் கொசு கத்துவது போலத்தான். சத்தத்தை அதற்குமேல் கூட்டக் கைபேசி அனுமதிக்காது, காதுக்குக் கெடுதலாம்.

என் தங்கைக்கு இது பொறுக்கவில்லை. அவள் ஒரு போன் சர்வீஸ் கடையின் பின்மேசையில் வேலை செய்கிறாள். முன்மேசையில் சிரிப்பவர்கள் உட்காருவார்கள், பின்மேசையில் வேலை தெரிந்தவர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே எறும்பின் கண் அளவு உதிரிப்பாகங்களைப் பற்றவைப்பது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கைபேசியை எடுத்து உட்கார்ந்து ரூட் செய்துவிட்டாள்.

[ரூட் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எனக்கு அவள் விளக்கியது இப்படி: "காசு கொடுத்து வாங்கினாலும் போன் வாடகை வீடு மாதிரிதான் அண்ணா. எல்லா அறையிலயும் நடமாடலாம். ஒரே ஒரு அறைக்கு மட்டும் சாவி கம்பெனிக்காரன்கிட்ட. வீட்டோட ஃபியூஸ், தண்ணி மோட்டார் எல்லாம் அந்த அறைக்குள்ள. ரூட் பண்றதுன்னா அந்தச் சாவியை நாம எடுத்துக்கறது." அதற்குப் பிறகு வீட்டில் என்ன தீப்பிடித்தாலும் கம்பெனி எட்டிப் பார்க்காது என்பதையும் அவளே சொன்னாள்.]

சாவி கையில் வந்ததும் மூன்று வேலை செய்தாள். சர்க்கரைச் செயலியை எதுவும் தூங்கவைக்க முடியாதபடி செய்தாள். அலறலின் உச்சத்தை இரண்டு மடங்காக்கினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிற அளவு அவள் கைபேசிக்கும் வரும்படி செய்தாள். மாப்பிள்ளை அப்போது சோபாவில் படுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா? எனக்கு அதுல கேரம் ஆடணும்" என்றாராம்.

இதிலுள்ள வேடிக்கை அவளுக்குத் தெரியாமலில்லை. கடையில் முன்மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது: "ரூட் செய்த போன்களுக்குக் கடை பொறுப்பல்ல." எழுத்து அவளுடையது.

4

எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் சர்க்கரைச் செயலி திறக்க மறுத்தது. இந்தக் கைபேசி மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது, இதில் நான் இயங்க மாட்டேன் என்று அறிவித்தது. பூட்டு உடைத்த வீட்டில் கள்வன் இருக்கலாம், ஆகவே அங்கே மருத்துவர் வர மாட்டார் என்கிற நியாயம்.

என் தங்கை அதற்கும் வழி வைத்திருந்தாள். ரூட்டை மறைக்கிற சின்ன நிரல் ஒன்று. அதில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் எந்தச் செயலியை டிக் செய்கிறோமோ, அது வந்து "யாராவது பூட்டை உடைத்தீர்களா" என்று தேடும்போது, அதன் கண்ணுக்கு மட்டும் பூட்டிய கதவு தெரியும். மற்றவர்களுக்குத் திறந்த கதவு. சர்க்கரைச் செயலியை டிக் செய்தாள். அது ஏமாந்து, உண்மையை அளக்க ஆரம்பித்தது.

பட்டியல் வளர்ந்தது. மாப்பிள்ளை வேலை செய்யும் நிறுவனத்தின் வருகைப்பதிவுச் செயலிக்கும் ரூட் ஆகாது. பஸ் பாஸ் செயலிக்கும் ஆகாது. ஒரு பஸ் பாஸுக்கு எதற்கு இவ்வளவு கற்பு என்று எனக்குப் புரியவில்லை. கேரம் விளையாட்டு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை.

இப்படி மறைப்பதில் ஒரு தொல்லை. செயலி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது புதிய வழியில் தேடும். அதனால் என் தங்கை தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவைத்து ஒரு விதி போட்டாள். புதிய பதிப்பு வந்தால் முதலில் அவளுடைய பழைய கைபேசியில் ஏற்றுவாள். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பாள். பட்டியலைத் திறந்து செயலியின் கீழே டிக் ஆகாத புதிய பகுதி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடுவாள். அதற்குப் பிறகுதான் அவர் கைபேசியில். மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று. இரண்டரை வருடம் இப்படி.

[இரண்டரை வருடத்தை ஒரே பத்தியில் கடந்துவிட்டேன். அவளுக்கு அது அப்படிக் கடக்கவில்லை.]

5

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் செயலி புதுப்பித்துக்கொண்டது. புதிய பதிப்பில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது. அது பட்டியலில் டிக் செய்யப்படவில்லை. 10.12க்கு அது முதல்முறையாகச் சுற்றிப் பார்த்தது. திறந்த கதவு கண்ணில் பட்டது. அது தன் கடமையைச் செய்தது.

மாப்பிள்ளை அப்போது ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருந்தார். லிஃப்ட் வேலைக்கு ஜோடியாகத்தான் போவார்கள். இவருடைய ஜோடிக்காரருக்குப் பட்டப்பெயர் ரேடியோ. வாய் மூடமாட்டார் என்பதால் வந்த பெயர். ரேடியோ உச்சியில் மோட்டார் அறையில். இவர் ஆறாவது மாடியில். லிஃப்ட் பெட்டியை ஐந்தாவது மாடியில் நிறுத்தி, ஆறாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, பெட்டியின் கூரைமேல் இறங்கி உருளைகளைப் பார்க்க வேண்டும். இருவர் இடுப்பிலும் வாக்கி-டாக்கி.

என் தங்கையின் கைபேசியில் 10.10க்குப் பிறகு அளவு வரவில்லை. அவள் பதறவில்லை. லிஃப்ட் குழிக்குள் போனால் சிக்னல் போய்விடும், அரை மணி, முக்கால் மணி வராது, இது வழக்கம்தான்.

10.55க்கு அவள் அவரைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. கீழ்வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்து, உங்கள் குளியலறையிலிருந்து எங்கள் தலையில் சொட்டுகிறது என்று கத்தியிருந்தார்.

"குழாயைத் திறந்து வச்சிட்டுக் கிளம்பிட்டியா?"

"வணக்கங்க. சொல்லுங்க."

"என்ன வணக்கம்? குழாய்."

"மன்னிச்சிடுங்க. கவனிக்கலைங்க."

என் தங்கை கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

[இந்த இடத்துக்கு வேண்டிய ஒன்றை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக்கார எழுத்தாளர் மூன்றாம் பகுதியிலேயே சாமர்த்தியமாக நுழைத்திருப்பார். நான் இப்போது சொல்கிறேன். மாப்பிள்ளை யாரையும் மரியாதையாகப் பேச மாட்டார். மேலாளரைத் தவிர எல்லோரும் வா, போ, டா. என்னையும் அப்படித்தான், நான் அவரைவிட ஏழு வயது மூத்தவன். அன்பு கூடினால் வசவு கூடும். சர்க்கரை இறங்கும்போது மட்டும் அவருக்கு மரியாதை வந்துவிடும். எங்கிருந்து வருகிறதோ தெரியாது. முன்னே பின்னே தெரியாதவர்களிடம் பேசுவது போல, பணிவாக, கைகட்டாத குறையாகப் பேசுவார். டாக்டர்களுக்கே இது புதிது. அவர் எவ்வளவு பணிவோ அவ்வளவு ஆபத்து.]

அவளும் மாற்றிக்கொண்டாள். பணிவான ஆளிடம் பணிவாகச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று அந்த நொடியில் எப்படித் தோன்றியதோ.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆறாவது மாடிங்க. கதவு திறந்திருக்கு. கொஞ்சம் லைன்ல இருக்கீங்களா? நான் உள்ள இறங்கிட்டுப் பேசறேன்."

"இறங்காதீங்க. ஒரு சின்ன உதவி வேணும்."

"தாராளமா கேளுங்க."

"நாலு அடி பின்னால வந்து, சுவத்துல சாஞ்சு உட்காருங்க."

"உட்காரலாங்களா? டூட்டி நேரம்."

"உட்காரலாம். நான் சொல்லிக்கறேன்."

கருவிப் பட்டை தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. என் தங்கை எண்ணை எழுதிக் காட்ட, பக்கத்து இருக்கைப் பெண் கடைப் போனிலிருந்து ரேடியோவைக் கூப்பிட்டாள். ரேடியோ வழக்கம்போல் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எங்கேஜ்டு.

"உங்க வாக்கி-டாக்கி இருக்குங்களா?"

"இருக்குங்க."

"போனை ஸ்பீக்கர்ல போட்டு, வாக்கி-டாக்கியை அது பக்கத்துல வச்சு, பட்டனை அமுக்கிப் பிடிங்க."

"ஆகட்டுங்க." பிறகு, மிகுந்த தயக்கத்தோடு, "நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

"தெரிஞ்சவங்கதான். பட்டனை அமுக்குங்க."

அமுக்கினார்.

"அண்ணா, நான்தான் பேசறேன். மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆறாவது மாடிக்கு ஓடி வாங்க. இவரு வாங்க போங்கன்னு பேசறாரு."

"வர்றேன்" என்றது ரேடியோ. அந்த மனிதர் ஒரே சொல்லில் பேச்சை முடித்தது அவள் அறிந்து அதுதான் முதல்முறை.

மூன்று மாடி இறங்கி வந்தார். குளுக்கோஸ் பொட்டலம் மாப்பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருந்தது, எப்போதும் இருக்கும். அவர்தான் வாங்க மாட்டேன் என்கிறார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம். இப்பதான் சாப்பிட்டேன்." ரேடியோ அவர் தாடையைப் பிடித்து, "சிரமமில்லைங்க ஐயா, வாயைத் திறங்க" என்று கொட்டினார். பாதி சட்டையில், பாதி வாயில். மறுபடியும் ஒரு பொட்டலம். என் தங்கை காதில் போனை வைத்தபடி கடைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு நிமிடம்.

"ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?" என்றது ஒரு குரல்.

ரேடியோ தரையில் உட்கார்ந்துவிட்டார். "திட்டறான்மா" என்றார் போனில். "நல்லா திட்டறான்."

என் தங்கை போனை வைத்தாள். மேசையில் பிரித்துக் கிடந்த யாரோ ஒருவருடைய கைபேசிக்குக் கடைசித் திருகாணியைப் போட்டு முடித்தாள். பிறகுதான் அழுதாள்.

மாப்பிள்ளையின் கைபேசியில் செயலியைத் திறந்தபோது திரையில் இரண்டு வரி இருந்தது. "இந்தச் சாதனம் மாற்றப்பட்டுள்ளது. உங்கள் பாதுகாப்பைக் கருதி இச்செயலி நிறுத்தப்பட்டது."

6

அதற்குப்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சண்டைகள் சுருக்கினால்தான் படிக்கத்தக்கவை.

அவர் கட்சி: "உன் தில்லாலங்கடி வேலையாலதான் அது மூடிக்கிச்சு."

அவள் கட்சி: "மூடிக்கிட்டேன்னு அது எழுதிக் காட்டியிருக்கு. போனை எடுத்துப் பார்த்தா என்ன?"

"போன் பையில இருந்துச்சு. பார்க்கவே இல்ல."

"ஆப் தானா அப்டேட் ஆயிடுச்சு. எனக்குத் தெரியவே தெரியாது."

இதையே மூன்று வாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் செயலிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள். மூடுவதென்றால் மூடுங்கள், ஆனால் மூடுவதற்கு முன் ஒருமுறை சத்தமாக அலறிவிட்டு மூடுங்கள் என்று. நியாயமான கோரிக்கை. மாற்றியமைக்கப்பட்ட சாதனங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. "நம்ம கடை அட்டை மாதிரியே எழுதியிருக்கான்" என்று எனக்கு அனுப்பினாள். கோபமா, பெருமையா தெரியவில்லை.

ரேடியோ தனியாக ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொண்டார். வேலை நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை வாக்கி-டாக்கியில் மாப்பிள்ளையைக் கூப்பிடுவார். மாப்பிள்ளை அவரைத் திட்ட வேண்டும். சரியாகத் திட்டினால் வேலை தொடரும்.

இந்த நிலையில்தான் என்னிடம் கதை கேட்டார்கள். நானும் தகவல் சேகரிக்கப் புறப்பட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். கதை எழுதுகிறவன் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டும். போய்க் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

7

தங்கையைக் கடையில் பார்த்தேன். உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"காலையில அது அப்டேட் ஆச்சு இல்ல, அது தானாவா ஆச்சு?" என்று கேட்டேன். வெறும் விவரத்துக்காகத்தான் கேட்டேன். தானாக ஆவதை அவள் நிறுத்திவைத்திருந்ததை அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன், இரண்டும் ஒட்டவில்லை.

அவள் பற்றவைக்கும் கம்பியைத் தாங்கியில் வைத்தாள்.

"நான்தான் பண்ணினேன்."

சாப்பாட்டு மேசையில் அவர் கைபேசி கிடந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். புதிய பதிப்பு தயார் என்று திரையில் வந்தது. இவள் ஒரு கையில் தட்டோடு நின்றபடி 'புதுப்பி' என்பதை அமுக்கினாள்.

"பட்டியலைப் பார்க்க மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்னுதான் முதல்ல உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். மறக்கல அண்ணா. ஞாபகம் இருந்துச்சு. பார்க்கல."

கையிலிருந்த குறிப்பேட்டை மூடினேன்.

"ரெண்டரை வருஷமா அதோட பின்னாலயே ஓடறேன். அது ஒரு கதவைப் பார்த்தா நான் ஒரு கதவைச் சாத்தறேன். கடையில பத்து மணி நேரம் போன், வீட்டுக்கு வந்தா இந்தப் போன். அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லார் பொண்டாட்டி மாதிரியும் ஓகே அமுக்கிட்டு பஸ்ஸுக்குப் போகலாம்னு தோணுச்சு. போனேன். ஜன்னலோரம் சீட்டு கிடைச்சுது. நல்லா இருந்துச்சு அண்ணா, அதுதான்."

கண்ணைத் துடைக்கவில்லை. உருப்பெருக்கியின் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இதை எழுதிடாதே. அவருக்குத் தெரிஞ்சா, அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

8

மாப்பிள்ளையை மோட்டார் அறையில் பார்த்தேன். ரேடியோவைக் கீழே அனுப்பிவிட்டு, கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு எனக்கு இருக்கை கொடுத்தார்.

"10.12க்கு மெசேஜ் வந்தப்ப போன் எந்தப் பையில இருந்துச்சு?" இதுவும் விவரத்துக்காகத்தான். சட்டைப்பையா கால்சட்டைப்பையா என்பது ஒரு வாக்கியத்துக்கு வேண்டியிருந்தது.

"கையில" என்றார்.

பிறகு கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கேரம் ஆடிக்கிட்டிருந்தேன் மச்சான். ரேடியோ மேல போற வரைக்கும் சும்மாதானே. மெசேஜ் வந்துச்சு. படிச்சேன். ஓகேன்னு அமுக்கிட்டு உள்ள போட்டுட்டேன்."

"ஏன் அவளுக்கு ஒரு போன் பண்ணல?"

"பண்ணலாம்னுதான் எடுத்தேன்." கையைத் துணியில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "பதினோரு வயசுல இருந்து யாராவது என்னைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. அம்மா பார்த்தாங்க, வாத்தியார் பார்த்தாரு, டாக்டர் பார்த்தாரு. இப்ப உன் தங்கச்சி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நான் என்ன நம்பர்னு அவளுக்குத் தெரியும். ஒரு டீயைக் கொஞ்சம் இனிப்பா குடிச்சேன்னா சாயங்காலம் கேட்பா. கேட்கறது தப்பில்ல. ஆனா அன்னிக்கு அந்த ஆப் மூடினதும், இப்ப யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு ஒரு நினைப்பு. சின்னப் பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட மாதிரி. மத்தியானம் சொல்லிக்கலாம், ஒரு ரெண்டு மணி நேரம் சும்மா இருப்போம்னு."

"எப்படி இருந்துச்சு?"

"முதல் இருபது நிமிஷம் நல்லா இருந்துச்சுடா." பிறகு, "மிச்சம் ஞாபகம் இல்ல" என்றார்.

லிஃப்ட் ஒன்று எங்கிருந்தோ கூப்பிடப்பட்டு, மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. அது நிற்கும்வரை பேச முடியவில்லை.

"இதைப் போட்டுடாதே மச்சான். அந்த ஆப்பை எனக்காக எப்படியெல்லாம் ஏமாத்தி வச்சிருந்தா. நான் ஓகேன்னு அமுக்கிட்டேன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடுவா."

9

இப்போது முடிவு.

முதலில் எழுதிய முடிவில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு [அடித்துவிட்டேன். பதினாறு வருடத்தில் அவர்கள் என் கண் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டதில்லை. கதைக்காகப் பிடிக்கச் சொல்வது அநியாயம்.]

இரண்டாவது முடிவில் என் தங்கை ரூட்டை எடுத்துவிடுகிறாள். கைபேசி வாங்கிய நாளில் இருந்தது போல ஒழுங்காகிவிடுகிறது. செயலி அதை முழுமனதோடு நம்புகிறது. நம்பி, பத்து நிமிடத்தில் தூங்கி [இதுவும் வேண்டாம்.]

நிஜத்தில் நடந்தது இவ்வளவுதான். கைபேசி இன்னும் ரூட் செய்தபடியே இருக்கிறது. அந்தப் புதிய பகுதியையும் பட்டியலில் டிக் செய்துவிட்டாள். செயலி மறுபடியும் ஏமாந்து, மறுபடியும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காரணம் வெறும் சிக்னலே ஆனாலும் சரி, அளவு வராமல் பத்து நிமிடம் போனால் அவள் கைபேசி அலறும்படி புதிதாக ஒன்றும் செய்திருக்கிறாள். கீழ்வீட்டில் சொட்டியது கீழ்வீட்டுக்காரரின் சொந்தக் குழாயே என்று தெரிந்தது. சண்டை மட்டும் ஓயவில்லை. இருவரும் தத்தம் பங்கை மறைத்துக்கொண்டு மற்றவர் பங்குக்காகச் சண்டை போடுவதால் அதற்கு ஓய வழியும் இல்லை.

கதையை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தேன். சொன்னதை எழுதாமல் விட்டால் கதை பொய். எழுதிக் கொடுத்தால் நான் துரோகி. கடைசியில் இரண்டு பிரதி எடுத்தேன். அவருக்குக் கொடுக்கிற பிரதியில் அவள் என்னிடம் சொன்னது இருக்காது. அவளுக்குக் கொடுக்கிற பிரதியில் அவர் சொன்னது இருக்காது. அவரவர் சொன்னது அவரவர் பிரதியில் இருக்கும், அது அவர்களுக்குத் தெரிந்ததுதானே. முடிவுப் பகுதியை இருவருக்கும் வேறு மாதிரி, சுபமாக எழுதினேன். ஆளுக்கொரு உறையில் போட்டு, மேலே எதையும் எழுதாமல், யாருடையது எது என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கொடுத்தேன். அவர் சோபாவில் படுத்துக்கொண்டு படித்தார். அவள் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். நான் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

அவர் வாக்கி-டாக்கி இடத்தில் சிரித்தார். அவள் அதே இடத்தில் சிரிக்கவில்லை. பக்கம் புரளும் சத்தம். பிறகு அவர் நிறுத்திவிட்டார், பிறகு அவளும்.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். ஈரக் கையோடு வந்து நின்றேன்.

"எனக்கு ஏழுக்கு அடுத்து ஒன்பது வருது. எட்டு எங்க?"

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். தன் தாள்களைப் புரட்டினார்.

"எனக்கு எட்டு இருக்கே" என்றார் மெதுவாக. "எனக்கு ஏழுதான் இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கையிலிருந்த தாள்களைக் கொஞ்சம் நெஞ்சுப்பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எண்ணை மாத்த மறந்துட்டேன்" என்றேன். அவர்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

"பரவால்ல" என்றாள் என் தங்கை. தன் தாள்களை மேசைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். மாப்பிள்ளையும் எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடையதைக் கவிழ்த்து வைத்தார். மேசையில் ஒரு முழுக் கதை இருந்தது, இரண்டு பாதியாக. நடுவில் தண்ணீர்ச் செம்பு.

நான் கைபேசியை எடுத்துக்கொண்டு, ஏதோ அழைப்பு வந்தது போல வெளியே போய்விட்டேன். தெருமுனைவரை நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே எனக்கு அதற்குமேல் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன், என்மேல் வைத்த நம்பிக்கையை ஒரே நாளில் எத்தனை முறை கெடுப்பது.

ஏழும் எட்டும் சேர்ந்து இருக்கிற பிரதி ஒன்றே ஒன்றுதான். அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அந்த மேசையில் மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து படித்துக் காட்டுவதா, மடித்துப் பையில் வைத்துக்கொள்வதா, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.